எழுதாத மூன்று தாள்கள்

வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் மாதக்கணக்கில் முன்னதாகவே அச்சடித்து, அடுக்கி, தைத்து, அட்டையில் அறைந்து லாரி ஏற்றிவிடுகிற ஊர் சிவகாசி. அந்தச் சிவகாசியில் அய்யனார் கம்மாய்த் தெருவில் மட்டும் ஒரு வருஷம் முந்நூற்று அறுபத்தேழு நாள் இருந்தது. கணக்குப்படி அறுபத்தெட்டு இருந்திருக்க வேண்டும். ஒன்றைத் தெருக்காரர்களே விட்டுக்கொடுத்துவிட்டார்கள், அந்த ஒன்றின் கதைதான் இது.

அந்தத் தெருவில் தனபுஷ்பம் என்று ஒருத்தி இருந்தாள். வயது ஐம்பத்தொன்று. மங்களஜோதி அச்சகத்தில் தினசரிக் காலண்டர் தாள் அடுக்கும் மேஜையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை ஒரு கட்டை எடுத்து ஓரத்தில் கட்டைவிரலை ஓடவிட்டாளென்றால், நடுவில் ஒரு தாள் குறைந்தாலும் விரல் நின்றுவிடும். அவள் வீட்டுக்காரர் அழகுசுந்தரத்துக்கும் அதே அச்சகத்தில்தான் வேலை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொரு நாளுக்கும் நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். எந்தக் கிழமை எந்தத் திசையில் போகக்கூடாது என்று தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதர், எந்தக் கிழமையிலும் எந்தத் திசையிலும் போனதில்லை.

தனபுஷ்பம் போயிருக்கிறாள். நேர்த்திக்கடனுக்குத் திருச்செந்தூர், அப்பாவைச் சேர்த்திருந்தபோது மதுரைப் பெரியாஸ்பத்திரி, கல்யாணத்துக்கு நாகர்கோவில், சாவுவீட்டில் துட்டி கேட்கத் தூத்துக்குடி. மகள் மஸ்கட்டில் பிள்ளை பெறப்போகிறாள் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்கூட எடுத்தாள். கடைசியில் விசா சம்பந்தியம்மாளுக்குத்தான் வந்தது. பாஸ்போர்ட் பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு முத்திரையும் வாங்காமல் படுத்துக் கிடந்தது. காரணமில்லாமல் அவள் ஒரு ஊருக்கும் போனது கிடையாது, போகலாம் என்று நினைத்ததும் கிடையாது, சுண்டல் மடித்து வந்த தாளைப் படிக்கிற வரைக்கும்.

அது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்புத் தாள். வெகுகாலம் பூட்டிக் கிடந்த பர்மா கதவைத் திறந்துவிட்டது, வெளியூர்க்காரர்கள் குறைந்த செலவில் போய்வரலாம் என்று யாரோ போய்வந்தவர் எழுதியிருந்தார். மடிப்பு விழுந்த டாலர் நோட்டை அங்கே வாங்கமாட்டார்கள், சலவை நோட்டாகக் கொண்டுபோங்கள். பஸ் சொன்ன நேரத்துக்கு வராது, கோபப்படாதீர்கள். மந்தாலை நகரத்திலிருந்து பகானுக்கு ஐராவதி ஆற்றில் மெதுபடகு ஒன்று வாரத்தில் இரண்டே நாள் போகிறது, விடியுமுன் ஏறினால் பொழுது சாய இறங்கலாம். ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் மணல்திட்டில் தட்டி ஒரு நாள் நின்றாலும் நின்றுவிடும், அதனால் கையில் ஒரு வெற்று நாளாவது வைத்துக்கொள்ளாதவர்கள் படகைக் கனவு காணாமல் பஸ்ஸில் போவதே நல்லது. இப்படி எழுதி, பக்கத்தில் படகின் படமும் போட்டிருந்தது. மேல்தட்டில் பாய் விரித்து ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மடியிலும் கையிலும் ஒரு வேலையும் இல்லாமல். தனபுஷ்பம் அந்தப் படத்தை எண்ணெய்க் கறையோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு வீடு தள்ளித்தான் நாத்தனார் ரஞ்சிதம், பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். நாற்பத்தாறு வயது, புருஷனோடு வாழ்ந்தது ஏழு மாதம், அதுக்கப்புறம் யாருக்கும் பயப்பட்டதில்லை. "போவோம் மதினி" என்றாள் படத்தைப் பார்த்ததும், தையல் மிஷினிலிருந்து காலைக்கூட எடுக்காமல்.

அழகுசுந்தரம்தான் கேட்டார். "எதுக்கு?"

"சும்மாத்தாங்க. பாத்துட்டு வரலாம்னு."

"பாக்கத்தான் போறியா? எதைப் பாக்க?"

"ஒரு ஆறு இருக்காம்."

"ஆறு இங்கயுந்தான் இருக்கு" என்றார். சிவகாசியில் எந்த ஆறு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போகாதே என்று ஒரு நாளும் சொன்னவரல்ல. சாப்பிட உட்காரும்போது ஒருமுறை, கை கழுவும்போது ஒருமுறை எதுக்கு என்று மட்டும் கேட்பார். சத்தம் போட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். இந்த 'எதுக்கு'வுக்கு அவளிடம் பதில் இல்லை, அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

பயணத்தை எழுதிவைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அச்சகத்தில் வெட்டிக் கழித்த தாளில் பதினாலு எடுத்து, காலண்டர்போல் அடுக்கி, தாளுக்கு ஒரு நாள் என்று எழுதத் தொடங்கினாள். எந்த ஊர், எந்த பஸ், என்ன சாப்பாடு, எங்கே படுக்கை என்று ஒரு இண்டு இடுக்கு விடாமல் எழுதினாள். ரஞ்சிதம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இப்பிடி நெரிச்சு எழுதி வச்சா, அங்கன ஒரு எடம் புடிச்சுப்போச்சுன்னா என்ன செய்ய மதினி? படகு நின்னுபோச்சுன்னா? மூணு தாளை வெத்தா விடுங்க."

"வெத்தா விட்டா அன்னைக்கு என்ன செய்யறது?"

"அதை அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்."

தனபுஷ்பத்துக்குக் கை வரவில்லை. ஒன்றுமே இல்லாத நாளில்கூட சூலமாவது இருக்கும், எழுத்தில்லாத தாளை அவள் காலண்டரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் நாத்தனார் பேச்சைக் கேட்டுப் பதினொரு தாளில் எழுதி, மூன்றை எழுதாமல் விட்டாள். விமான டிக்கெட்டும் ரஞ்சிதம் பதினாலு நாளுக்குப் போட்டாள், பங்குனி நடுவில் புறப்பாடு, அச்சகத்தில் வேலை இல்லாத மாசம்.

ஐப்பசியில் ஒரு தப்பு நடந்தது. அய்யனார் கம்மாய்த் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஞானதுரை அண்ணாச்சி, தெருவிலுள்ள வாடிக்கைக்காரர்கள் இருநூற்றுப் பதினாலு வீட்டுக்கும் கொடுக்கக் காலண்டர் சொல்லியிருந்தார். தனபுஷ்பம் அதற்கு மாதிரிக் கட்டு அடுக்கி முடித்துவிட்டு, கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் பயணத் தாள்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி வந்துவிட்டார். கையிலிருந்ததை அப்படியே மாதிரிக் கட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொருகிவிட்டு எழுந்து நின்றாள். அவர் போனபிறகு புரட்டிப் புரட்டி, எழுதியிருந்ததையெல்லாம் கண்ணில் பட்டவாறு உருவி எடுத்தாள். எழுதாதது மூன்றும் கண்ணில் படவில்லை, படுவதற்கு அதில் ஒன்றும் இல்லையே. கட்டைவிரலை ஓடவிட்டபோது விரல் மூன்று இடத்தில் நின்றது, ஆனால் அவள் மனசு ஐராவதியில் இருந்ததால் விரல் சொன்னதைக் கேட்கவில்லை. மாதிரி எப்படியோ அப்படியே மற்றதெல்லாம் அடுக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம். ஆகவே பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து இருநூற்றுப் பதினாலு காலண்டரிலும் மூன்று வெற்றுத் தாளைச் சரியாக அதனதன் இடத்தில் வைத்து அடுக்கித் தைத்து அனுப்பினார்கள்.

தை பிறந்து இரண்டாவது வாரம். புதன்கிழமையைக் கிழித்த தெருக்காரர்கள் அடியில் வியாழனைக் காணாமல் வெறும் வெள்ளைத் தாளைக் கண்டார்கள். அச்சு விட்டுப்போச்சு போல என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்கள். அன்றைக்குப் பால்காரர் வரவில்லை, பேப்பர் வரவில்லை, போனில் டவர் இல்லை, டிவியில் புள்ளி பறந்தது. பட்டாசு ஆலைக்கு வேன் ஏறப் போனவர்கள் மேற்கு முனையில் ஞானதுரை அண்ணாச்சி கடையைத் தாண்டி நடந்தார்கள், நடந்து கிழக்கு முனையில் கம்மாய்க்கரை வழியாகத் திரும்பவும் தெருவுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்கள். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்கு வெளியே நாள் இல்லை, நம் தெருவில் மட்டும்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வீட்டு வாசலிலேயே சாப்பிட்டார்கள்.

பத்து மணி வரைக்கும் ஒரே குழப்பம். இன்றைக்குக் கறி எடுக்கலாமா என்று பெண்கள் கேட்டார்கள். செவ்வாயா வெள்ளியா என்றால் ஆகாது, எதுவுமே இல்லையென்றால் தாராளமாக ஆகும் என்று முடிவாகி நாலு வீட்டில் கோழி அடித்தார்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இன்றைக்கு ஒன்று போட்டால் மாசக் கடைசியில் ஒன்று குறையுமே என்று கவலைப்பட்டு, பாதியாக உடைத்துப் போட்டார்கள். ஒன்பது நாளுக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீருக்கு இந்த நாள் சேர்த்தியா இல்லையா என்று பெரிய விவாதம் நடந்து முடிவில்லாமல் நின்றது. மத்தியானம் ஆனதும் தெருவே சாய்ந்து படுத்தது. சுவர் வழக்கில் பதினொரு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர், இன்றைக்குக் கோர்ட்டும் இல்லை வாய்தாவும் இல்லை என்பதால் அந்தச் சுவர்மேலேயே ஏறி உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றார்கள். மூன்றாம் வீட்டு மரியசெல்வத்துக்கு ஈரலில் கட்டி, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள், தினமும் சாயங்காலம் வலி வந்து அவரைப் புரட்டி எடுக்கும். அன்றைக்கு அந்த வலிக்குக் கிழமை தெரியவில்லையோ என்னவோ, வரவே இல்லை. அவர் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து போவோர் வருவோரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் மனைவி ஜெபமணி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மறுநாள் வியாழக்கிழமை ஒழுங்காக வந்தது. வெளியூருக்கு அது புதனுக்கு அடுத்த நாள்தான், யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தெருக்காரர்களும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் காலண்டரை அடிவரை புரட்டிப் பார்த்தார்கள், இன்னும் இரண்டு வெற்றுத் தாள் இருந்தது.

தனபுஷ்பம் மட்டும் காலண்டரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். பயணத் தாள்களை எடுத்து எண்ணினாள், எழுதிய பதினொன்றுதான் இருந்தது. ரஞ்சிதம் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். திரும்பி வருகிற தேதி ஒரு நாள் முன்னால் நகர்ந்திருந்தது, அச்செழுத்திலேயே.

"நம்ம நாளைத்தான் மதினி தெருவே உக்காந்து தின்னுருக்கு."

"மெதுவாப் பேசு. நாந்தான தொலைச்சேன்."

மூன்று புதுத் தாளை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தாள். ஆனால் வீடு என்று இருந்தால் வெற்றுத் தாள் வெற்றாக இருப்பதில்லை. ஒன்றில் அழகுசுந்தரம் கரண்ட் பில் கட்ட வேண்டிய தேதியை எழுதினார். இன்னொன்றில் அவளே, உளுந்து அரைக்கிலோ, கடுகு, பெருங்காயம் என்று எழுதிவிட்டாள், எழுதி முடித்த பிறகுதான் பார்த்தாள். மூன்றாவதில் மகள் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்ன ஏதோ நம்பர். எத்தனை தாள் வைத்தாலும் விடிவதற்குள் அதற்கு ஒரு காரியம் வந்துவிட்டது.

மாசியில் சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இரண்டாவது நாள் வந்தபோது தெரு தயாராக இருந்தது. பால்பவுடர் வாங்கி வைத்திருந்தார்கள், தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், மரியசெல்வத்தின் நாற்காலிக்கு மெத்தை தைத்து வைத்திருந்தார்கள். அன்று காலை கம்மாய்க்கரைப் பக்கம் ஒருத்திக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் ஆச்சி, ஜாதகம் குறிக்க அழகுசுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது.

"நட்சத்திரம் இல்லம்மா" என்றார் கடைசியில். "திதியும் இல்ல. ராசி இருந்தாத்தான எழுத."

"அப்ப இந்தப் பிள்ளைக்கு அஷ்டமத்துச் சனியும் கெடையாதுல்ல அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "கெடையாது."

"செவ்வாய் தோஷம்?"

"அதெப்பிடி இருக்கும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அந்த அம்மாள் பிள்ளைக்கு இன்னொரு தடவை முத்தம் கொடுத்தாள். அழகுசுந்தரம் வெற்றுக் குறிப்பைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எதுக்கு என்று கேட்க மறந்துபோனார்.

டிக்கெட்டில் தேதி இன்னொரு நாள் முன்னால் வந்திருந்தது. மூன்றாவது வெற்றுத் தாள் பங்குனி முதல் வாரத்தில், திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருந்தது. அதுவும் தெருவில் கழிந்துவிட்டால் பயணத்துக்குப் பதினொரு நாள்தான், அத்தனையும் எழுதி நெரித்த நாள். படகு மணலில் தட்டினால் விமானம் போய்விடும். ஆகவே படகு கிடையாது.

இதற்குள் அந்த மூன்றாவது நாளுக்குத் தெருவில் ஏகப்பட்ட பாத்தியம் வந்துவிட்டது. சுவர்ச் சகோதரர்கள் அன்றைக்குச் சுவரை இடிப்பதாக இருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கும் என்று தாய்மார்கள் கணக்குப் போட்டார்கள். பட்டாசு ஆலையில் வேலை செய்கிற பெண்கள் அன்றைக்கு ஒன்றுமே செய்வதில்லை, உலை வைப்பதுகூட இல்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். ஜெபமணி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டில் அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தனபுஷ்பமும் பார்த்திருந்தாள். அன்று சாயங்காலம் படகு என்று எழுதியிருந்த தாளை எடுத்து, அதைக் குறுக்கே அடித்து, பஸ் என்று எழுதினாள்.

ரஞ்சிதம் அதைப் பார்த்துவிட்டாள். "என்ன மதினி இது?"

"பஸ்ல போனாலும் பகான் வந்திரும்ல."

"பகானுக்காகவா நீங்க கெளம்புனீக?"

"மரியசெல்வம் அண்ணாச்சிக்கு அந்த ஒரு நாளு வேணும்டி. நான் ஆத்தைப் பாக்காட்டி செத்தா போவேன்?" என்றாள். ஐம்பத்தொரு வருஷத்தில் தனக்கென்று வேண்டும் என்று கேட்டது அந்த ஒரு படகைத்தான், அதையும் தானே அடித்துவிட்டோமே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ரஞ்சிதம் நேரே ஞானதுரை அண்ணாச்சி கடைக்குப் போனாள். சாமான் வாங்க ஏழெட்டுப் பேர் நின்ற நேரம். வெற்றுத் தாள் யாருடையது, அது எப்படிக் காலண்டருக்குள் வந்தது, டிக்கெட்டில் தேதி எப்படி நகர்ந்தது, மதினி எதை அடித்துவிட்டு எதை எழுதினாள், எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டுக் கால்கிலோ ரவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தெரு இரண்டு நாள் முணுமுணுத்தது. எங்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கிற நாள் எங்கள் நாள்தானே என்றார்கள். அவள் பர்மாவுக்குப் போய் என்ன செய்யப் போகிறாள், எதுக்கு என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்தில் அழகுசுந்தரமும் நின்றுகொண்டிருந்தார். அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

அதற்கு மறுநாள் காலையில் வாசலில் ஜெபமணி நின்றாள். கையில் அந்த வெற்றுத் தாள், ஓரத்தில் சிவப்பு நூலோடு.

"அவருதான் உருவிக் குடுத்தாரு."

"எனக்கு வேண்டாம் ஜெபமணி. கொண்டுபோ. அவருக்கு ஆகட்டும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். போன ரெண்டு நாளும் யாரு குடுத்ததுன்னே தெரியாம வாங்கிக்கிட்டோம், தெரிஞ்சப்பொறம் எப்பிடி வாங்கன்னு கேக்காரு." தாளை நீட்டினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. ஆத்துல என்னென்ன பாத்தீகளோ, வந்து பக்கத்துல உக்காந்து ஒண்ணுவிடாமச் சொல்லணுமாம். அதைக் கேக்கிறவரைக்கும் இருப்பேன்னாரு."

தனபுஷ்பம் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

ஜெபமணி கொடுத்தபின் யாருக்கு வாய் வரும்? அன்று மத்தியானமே ஒவ்வொரு வீடாக வரத் தொடங்கினார்கள். சுவர்ச் சகோதரர்கள் இரண்டு தாளை ஒன்றாகக் கொண்டுவந்து, சுவரை ஞாயிற்றுக்கிழமை இடித்துக்கொள்கிறோம் என்றார்கள். பட்டாசு ஆலைப் பெண்கள் கூட்டமாக வந்து, நாங்க செய்யாம இருக்கிறதா இருந்ததை எங்களுக்கும் சேத்து நீங்க அங்கன செய்யாம இருங்கக்கா என்றார்கள். நட்சத்திரமில்லாத பிள்ளையின் ஆச்சி பிள்ளையின் கையிலேயே தாளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டின் நடுவிலிருந்து கிழியாமல் தாளை உருவுவது எல்லோருக்கும் வராத வேலை. அழகுசுந்தரம்தான் வீடு வீடாகப் போய், கட்டை லேசாக வளைத்துத் தையல் பக்கம் விரலால் நீவி, ஓரம்கூடப் பிசிறாமல் எடுத்துக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

திங்களுக்கு மறுநாள் செவ்வாயாகவே விடிந்தது. பால்காரர் வந்தார். டிக்கெட்டில் தேதி நகரவில்லை.

புறப்பட்டது ஒரு சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டில் அழகுசுந்தரம் தூக்குவாளியிலிருந்து டம்ளரில் தயிரை ஊற்றினார். "சனி கிழக்க சூலம். ரெண்டு பேரும் தயிர் குடிச்சிட்டு ஏறுங்க." குடித்தார்கள். பிறகு காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரு பக்கம் சலவை டாலர் நோட்டுகள், மறுபக்கம் நாலு மூலையும் தட்டிச் சேர்த்த இருநூற்றுப் பதினாலு வெற்றுத் தாள். "மடிப்பு விழாம வச்சுக்க" என்றார். எதுக்கு என்று கேட்பாரோ என்று அவள் காத்திருந்தாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

பர்மாவில் அவர்கள் எழுதியபடி பாதியும் எழுதாதபடி பாதியுமாகப் போனார்கள். சொன்ன நேரத்துக்கு பஸ் வரவில்லை, கோபப்படவில்லை. ரஞ்சிதம் ஒரு சந்தையில் லுங்கித் துணியின் தையலைப் பிரித்துப் பார்த்துக் கடைக்காரியோடு கையாலேயே அரைமணி நேரம் தொழில் பேசினாள். ஒரு நாள் காலையில் பஸ் என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மந்தாலைத் துறையில் இருட்டோடு இருட்டாக மெதுபடகில் ஏறினார்கள்.

மத்தியானம் தாண்டி, சொல்லிவைத்தாற்போல், படகு மணலில் தட்டியது. படகுக்காரர்கள் மூங்கிலால் உந்தினார்கள், இறங்கித் தள்ளினார்கள், கடைசியில் அவர்களும் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது போனது. மறுநாள் கண்விழித்தபோது தனபுஷ்பத்துக்கு உடனே தெரிந்துவிட்டது, இரண்டு தடவை தெருவில் பார்த்த வெளிச்சம்தான். படகின் ரேடியோ பேசவில்லை. யார் போனிலும் டவர் இல்லை. கரையோர மண்பாதையில் ஒரு வண்டியும் போகவில்லை. இருநூற்றுப் பதினாலு வீடும் தங்களுக்கு இல்லாமல் அனுப்பிவைத்த நாள் அந்த ஆற்றின்மேல் முழுசாக வந்து இறங்கியிருந்தது.

படகிலிருந்தவர்களும் பத்து மணி வரைக்கும் குழம்பிவிட்டு, பிறகு வாழைத்தாரைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். தனபுஷ்பம் மேல்தட்டில் பாய் விரித்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மணல்திட்டில் ஒற்றைக்காலில் நின்ற வெள்ளைக் கொக்கு, நீரில் மிதந்து வந்த கத்தரிப்பூநிறப் பூ, அக்கரையில் மாட்டைக் குளிப்பாட்டிய பெண், எல்லாவற்றையும் மரியசெல்வத்துக்காக ஒன்று, தனக்காக ஒன்று என்று இரண்டு தடவை பார்த்தாள். கன்னத்தில் சந்தனம்போல் எதையோ பூசியிருந்த பழக்காரி ஒருத்தி அருகில் வந்து உட்கார்ந்து, இவள் முகத்தைப் பார்த்து, ஆற்றைக் காட்டி, உள்ளங்கையை மேலே திருப்பினாள். பாஷை தெரியாவிட்டாலும் கேள்வி தெரிந்தது. எதுக்கு?

தனபுஷ்பம் சிரித்தாள். பதிலாக எதையாவது காட்டலாம் என்று அட்டைப் பொட்டலத்தைப் பிரித்து வெற்றுத் தாள்களை எடுத்தாள். பழக்கத்தில் கட்டைவிரல் தானாக ஓரத்தில் ஓடியது, ஓடி, அடியில் ஓரிடத்தில் நின்றது. இந்தத் தடவை அவள் விரல் சொன்னதைக் கேட்டாள்.

அந்த ஒரு தாள் மட்டும் வெற்றாக இல்லை. அச்செழுத்துப்போல் சின்னச் சின்னதாக, அவள் முப்பது வருஷமாகப் பார்த்த கையெழுத்து.

நல்ல நேரம்: காலை முதல் மாலை வரை. இராகு காலம்: இல்லை. எமகண்டம்: இல்லை. சூலம்: எந்தத் திசையிலும் இல்லை.

அடியில், தினமும் ஏதாவது நல்ல வார்த்தை அச்சாகிற இடத்தில், ஒரு வரி. "புஷ்பம், அடுத்த தடவை நானும் வாரேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

அவள் அதை மூன்று தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரஞ்சிதத்திடம் நீட்டினாள். ரஞ்சிதம் படித்துவிட்டுத் தாளை ஓரம் மடங்காமல் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணனையும் கூட்டிட்டு வரணும்னா மூணு தாள் பத்தாது மதினி" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பழக்காரி இன்னும் உள்ளங்கையைத் திருப்பியபடியே இருந்தாள். தனபுஷ்பம் அந்தக் கையில் ஒரு வெற்றுத் தாளை வைத்தாள், படகிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள், ஜெபமணியின் சிவப்பு நூல் கட்டிய தாளை மட்டும் கொடுக்கவில்லை. அதையும் புருஷன் எழுதிய தாளையும் மடிப்பு விழாமல் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு திரும்பவும் ஆற்றைப் பார்த்தாள். பொழுது சாய இன்னும் வெகுநேரம் இருந்தது.